கலங்கரை விளக்கத்தில் ஏறினவர்

கட்டின புருஷனே வந்து கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா மேடம்?" என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் எரிச்சல் வராது? ஊசியம்மாவுக்கு வந்தது. முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் "போதும் விளையாட்டு" என்றாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோதுதான் கவனித்தாள், எதிர் அறைப் பெரியவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். மேடம் என்றது அவர் காதுக்காக. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு அதே புருஷன் தாழ்ந்த குரலில், "தூங்கினியா? குளிருச்சா?" என்று கேட்டார்.

அவர் ஒரு பயணிகள் கப்பலில் அறைப் பணியாளர். அவர்கள் தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர், என்னவோ கப்பலையே அவர் விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி. உண்மையில் அவர் ராஜ்யம் என்பது நாலாவது தளத்தில் ஒரு நீண்ட நடை, அதன் இரு பக்கத்து அறைகள், துண்டும் சோப்பும் அடுக்கிய ஒரு தள்ளுவண்டி. ஊசியம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயரெடுத்தவள். ஊசியம்மா என்கிற பட்டப்பெயர் நோயாளிகள் வைத்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் ஒவ்வொரு வருஷமும் பத்து மாதம் அவர் தண்ணீரில், இரண்டு மாதம் வீட்டில். வீடு கட்டணும், மகளைப் படிக்க வைக்கணும், கட்டிக்கொடுக்கணும் என்று ஒவ்வொரு காரணமாக வந்தது, ஒவ்வொன்றாக முடிந்தது. இப்போது மகள் வேறு ஊரில் தன் வீட்டில் இருக்கிறாள். இனி அவர் கப்பலில் இருக்க ஒரு காரணமும் இல்லை. வீட்டுக்கு வருவதற்கு என்ன காரணம் என்பதுதான் யாரும் சொல்லாதது.

பழைய பணியாளர்கள் ஒரு தடவை பெண்டாட்டியைக் காலி அறையில் கூட்டிவரலாம் என்று கப்பல் நிறுவனத்தில் ஒரு சலுகை. அதில்தான் ஊசியம்மா ஏறியிருக்கிறாள். கோடைக்காலம், வடக்கே போகும் பயணம். மரமே இல்லாத மலைகளும், தூங்கப் போகிற நேரத்திலும் அணையாத சூரியனும், கப்பல் வந்தால் மட்டும் கதவு திறக்கிற கடைகளும் உள்ள சின்னச் சின்னத் துறைமுகங்கள். இந்தப் பயணத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாரா, இல்லை கிளம்புகிறாரா என்று கடைசித் துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் சொல்லியாக வேண்டும். தளத்தின் மேற்பார்வையாளர், ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் ஒரு பெண்மணி, ஊசியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவர் இல்லாமல் என் தளம் இல்லை, நீங்களே சொல்லி இருக்க வையுங்கள்" என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். ஊசியம்மா தலையை ஆட்டினாள். தலைக்கென்ன, ஆட்டினால் ஆடும்.

அவளுக்கு அவர் வீட்டுக்கு வரவேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை என்று தனக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டுதான் கப்பல் ஏறியிருந்தாள். உலகம் சுற்றுகிற மனுஷன். வாரம் ஒரு தடவை போனில் அவர் சொல்கிற கதைகளைக் கேட்டால் யாருக்குமே கப்பலில் வேலைக்குச் சேரத் தோன்றும். "இன்னிக்கு ஒரு கலங்கரை விளக்கத்துல ஏறினேன். உச்சியில நின்னா காத்து ஆளையே தூக்கிட்டுப் போவுது. கீழ பறவைங்க மேகம் மாதிரி பறக்குது. கம்பியப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் அப்படியே நின்னேன்." இப்படிப்பட்ட மனுஷனைப் பிடித்து இரண்டு அறை வீட்டில் கட்டிப் போடுவதா?

அந்தக் கதைகளை அவள் வீணாக்கியதுமில்லை. ஊசியைக் கண்டு நடுங்குகிற நோயாளி வந்தால், "என் வீட்டுக்காரர் போன வாரம் ஒரு கலங்கரை விளக்கத்துல ஏறினாரு பாருங்க" என்று ஆரம்பிப்பாள். கதை உச்சிக்குப் போவதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சும் வைத்திருப்பாள். சிலர் அடுத்த தடவை வரும்போது, "இப்ப எங்க இருக்காரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

கப்பலில் அவருடன் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக்கூட வழியில்லை. பயணிகள் மேசையில் பணியாளர் உட்காரக்கூடாது. நாலு பேர் மேசையில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையில் அவர் அறைக்கு வந்து படுக்கை விரித்துப் போகிற நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. விரிப்பின் மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். ஒரு சுருக்கம் இருக்காது. அவள் துண்டை அவளே மடித்து வைத்தால், "நீ எதுக்கு இதெல்லாம்? உக்காரு" என்று அதட்டி, பிரித்து மறுபடி மடிப்பார். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு முதலில் சொகுசாக இருந்தது. பிறகு சங்கடமாக இருந்தது. சொந்தப் புருஷனுக்கு விருந்தாளியாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஊரில் யாரிடமாவது சொல்லிப் புரியவைக்க முடியுமா?

நாலாவது துறைமுகத்தில், கப்பல் நெருங்கும்போதே அந்த ஊரின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுத் துள்ளி எழுந்தாள். அவர் ஏறினதாகப் போனில் சொன்ன கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர். "நீங்களும் வாங்களேன்" என்றாள். "எனக்கு அறைங்க இருக்கு. நீ போய்ப் பாத்துட்டு வா. குளிரும், காதை மூடிக்கோ" என்றார்.

ஊர் என்றால் ஒரே ஒரு தெரு. சிவப்பும் மஞ்சளும் அடித்த மர வீடுகள், ஒரு பெட்ரோல் பங்க், சன்னலில் கம்பளிச் சட்டை தொங்கவிட்ட ஒரு கடை. வீசின காற்றில் மீன் நாற்றம். படகுத் துறையின் முனைக்குப் போய் நின்றதும் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது. கடலுக்கு நடுவில், ஒரு பாறை மேல், வெள்ளையாக, தன்னந்தனியாக நின்றது. பாலம் இல்லை. படகு இல்லை. பாறையைச் சுற்றி அலை அடித்துக்கொண்டே இருந்தது.

வேறொரு கலங்கரை விளக்கம் இருக்கும் என்று தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கம்பளிக் கடைக்காரியிடம் கையைக் காட்டி, படி ஏறுவதுபோல் விரலால் செய்துகாட்டிக் கேட்டாள். கடைக்காரி சிரித்தாள். பூட்டு என்று சாவி திருகிக் காட்டினாள். யாரும் போவதில்லை, தானாகவே எரிகிறது, தான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாகச் சொல்லி, பாவம் பார்த்து ஒரு கோப்பை சூடான காபி கொடுத்தாள்.

கப்பலுக்குத் திரும்பியபோது நடையில் சலவைக்காரர் வெள்ளைத் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிறவர். முதல் நாளிலிருந்தே அவளை அண்ணி என்று கூப்பிடுகிறவர்.

"ஏன் தம்பி, உங்க அண்ணன் இந்த ஊர்ல நெறையத் தடவ இறங்கிச் சுத்தியிருப்பாரு, இல்ல?"

சலவைக்காரருக்குச் சூது வாது தெரியாது. "அண்ணனா? நல்லா கேட்டீங்க அண்ணி! ஜனங்க இறங்குற நேரம்தான் அவருக்கு அறை சுத்தம் பண்ற நேரம். எங்க வேலை முடியிறப்ப ஜனங்க திரும்பியிருப்பாங்க, கப்பலும் கெளம்பிடும். பெரிய துறைமுகத்துல போன் பேச இறங்குவோம், அவ்வளவுதான். இந்தச் சின்ன ஊருங்கள்லாம் எங்களுக்கு வட்ட சன்னல்ல தெரியிற படம்." சொல்லிவிட்டு ஒரு போர்வையை உதறி மடித்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் முழுக் கலங்கரை விளக்கத்தையே மறைத்தவர்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. ஊசியம்மா திறந்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் படுக்கையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு, விரிப்பு மாத்தணும்."

"அந்தக் கலங்கரை விளக்கத்தப் பாத்துட்டு வந்தேன்."

தலையணை உறையை உருவிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, மறுபடி உருவியது. "அப்படியா? நல்லா இருந்துச்சா?"

"நடுக்கடல்ல இருக்கு. நீங்க என்ன, நீந்திப் போய் ஏறினீங்களா?"

கப்பல்காரர் புது உறையைத் தலையணைக்கு மாட்டினார். மூலையைச் சரிசெய்தார். சரியாக இருந்த மூலையை மறுபடி சரிசெய்தார்.

"ஒரு பயணி சொன்னாரு," என்றார் கடைசியில். "வேற எங்கயோ ஏறினாராம். நல்லா சொன்னாரு. அத நான் அந்த ஊருக்கு மாத்திக்கிட்டேன்."

"மத்த கதைங்க?"

"அதுவும் அவங்கவங்க சொன்னதுதான்."

"எதுக்குங்க? நான் கேட்டேனா கதை?"

"வேற என்னத்த சொல்றது?" அவர் குரல் முதன்முறையாக உயர்ந்தது. சட்டென்று கதவைப் பார்த்துத் தணித்துக்கொண்டார். "வாரத்துக்கு ஒரு போன். அதுல போய், இன்னிக்கு இத்தன கக்கூஸ் கழுவினேன், நாளைக்கும் கழுவுவேன்னா சொல்லச் சொல்ற? நீ போன வச்சிட்டு அழுவ. அங்க யாரு இருக்கா உன்னத் தேத்த?"

ஊசியம்மாவுக்குக் கோபம் வருகிற நேரத்தில் அழுகை வந்து தொலைத்தது.

"நீங்க சந்தோஷமா சுத்துறீங்கன்னுல்ல நெனச்சேன்! அந்த மனுஷனப் போய் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா பாவம்னு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இத்தன வருஷம்!"

"நீயும்தான் ஒரு நாள் வான்னு சொல்லல. எப்பக் கேட்டாலும் 'இங்க ஒரு குறையும் இல்ல, நீங்க நிம்மதியா இருங்க'ன்னுதான் சொல்லுவ. குறையே இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நாலு வருஷம் முன்னாடி, ஒரு வாரம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறேன், போன் எடுக்க மாட்டேன்னு சொன்னேனே."

"ஆமா. உன் அத்தை வழியில ஏதோ பையனுக்கு."

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. ஆபரேஷன். பித்தப்பையில கல்லு. ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

அவர் கையில் இருந்த விரிப்பு தரையில் சரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "அடுத்த வாரம் போன்ல கல்யாணச் சாப்பாடு எப்படின்னு கேட்டேன்," என்றார். "பிரமாதம்னு சொன்ன."

"கஞ்சித் தண்ணி கொடுத்திருந்தாங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இந்த இரண்டு பேரும் கல்யாணத்தை ஒழுங்காகப் பண்ணிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆயிரம் பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் நல்லெண்ணத்தில் சொன்னவை. நல்லெண்ணத்தில் சொன்ன பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் மகா கஷ்டம், ஏனென்றால் சொல்கிறவர் முகத்தில் கள்ளமே இருக்காது.

கப்பல்காரர் மெல்ல அவள் பக்கத்தில் படுக்கையில் உட்கார்ந்தார். பயணியின் படுக்கையில் பணியாளர் உட்காரக்கூடாது என்பது கப்பல் சட்டம். எத்தனையோ ஆயிரம் படுக்கை விரித்த மனுஷன், இந்தக் கப்பலில் தான் விரித்த ஒன்றின்மேல் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மெத்தை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"வீட்டுக்கு வந்துடுங்க," என்றாள் ஊசியம்மா. சத்தியம் போன இடம் தெரியவில்லை. "எனக்கு நீங்க வேணும். ராத்திரியில தனியா பயமா இருக்கு. பகல்லயும் ஒண்ணும் நல்லா இல்ல. வந்துடுங்க."

அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து என்ன பண்ணுவேன்? அந்த ரெண்டு மாசத்துலயே நான் தொடப்பத்தத் தொட்டா பிடுங்கிடுற. அடுப்புப் பக்கம் வந்தா, போய் உக்காருங்கன்னு சொல்ற. எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. தண்ணி குடிக்க டம்ளர் தேடினா மூணு அலமாரியத் தொறக்க வேண்டியிருக்கு. விடியறப்ப முழிப்பு வந்துடும், வேல இல்லாம நாற்காலியில உக்காந்திருப்பேன். என்னிக்குடா லீவு முடியும்னு இருக்கும். உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் பத்து மாதம் உழைத்த மனுஷனுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தாள். நேற்றுவரை இதே அறையில், துண்டை மடிக்கவிடாமல் உட்காரவைக்கப்பட்டபோது தன் கை எப்படிப் பரபரத்தது என்பது ஞாபகம் வந்தது. வேறோர் அறையிலிருந்து மணி அடித்தது. அவர் எழுந்தார், பழக்கதோஷத்தில் உட்கார்ந்த இடத்துச் சுருக்கத்தை ஒரு தடவு தடவிவிட்டுப் போனார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கடைசித் துறைமுகத்தில் மேற்பார்வையாளர் அவருக்கு மதியம் விடுப்பு கொடுத்தாள். மனைவியோடு போய் வாருங்கள், வந்து எனக்கு நல்ல பதிலாகச் சொல்லுங்கள் என்று சிரித்தாள். சலவைக்காரரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கப்பல்காரர் கீழே இறங்கினார். கோட்டு இரண்டு பேர் அளவு இருந்தது.

தரையில் கால் வைத்ததும் அவர் முகம் பார்க்க வேண்டுமே. ஒரு மர வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்தார். வேலி ஓரத்துப் புல்லைக் கிள்ளி மோந்து பார்த்தார். "படத்துல பாக்கறப்ப சின்னதா இருந்துச்சு" என்றார். வட்ட சன்னலைச் சொல்கிறார். ஊசியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கேலி பண்ணத் தெரிந்தவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை.

தெரு முடிவில் ஒரு மேடு, அதன் உச்சியிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரியும் என்று பலகை சொன்னது. ஏற ஆரம்பித்தார்கள். பாதித் தூரத்தில் அவர் நின்றார்.

"இங்க நல்லா இருக்கு இல்ல? கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போலாம்."

ஊசியம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் எதிரில் இருந்தது இழுத்து மூடிய ஒரு கார் கொட்டகையின் தகரக் கதவு. பக்கத்தில் குப்பைத் தொட்டி.

"என்னத்தங்க பாக்குறீங்க?"

"இல்ல, சும்மா..." என்று ஆரம்பித்தார். அவளையே பார்த்தார். வழக்கமாக வந்து விழுகிற கதை எதுவும் இந்த முறை வரவில்லை. "முட்டி வலிக்குது," என்றார். "ரெண்டு முட்டியும்."

"எத்தன நாளா?"

"ஏழு வருஷமா."

அவ்வளவுதான். அந்தத் தெரு அதுவரை கேட்டிராத தமிழைக் கேட்டது. "ஏழு வருஷமா! ஏழு வருஷமா மனுஷன் வாயத் தொறக்கல! இத வச்சிக்கிட்டுத்தான் தினமும் மண்டி போட்டுத் தரையத் தொடச்சீங்களா? நோயாளிங்க நடுவுலதானே நான் வேல பாக்குறேன், அங்க என்ன மாடா மேய்க்கிறேன்?" திட்டிக்கொண்டே அவரை ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்காரவைத்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து முட்டியைத் தடவினாள். வீங்கியிருந்தது. விரல் வைத்ததும் சூடு தெரிந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? கொஞ்சமாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். அவள் கண்ணீர் அவர் முட்டிமேல் விழுந்தது.

ஒரு நாய் மட்டும் நின்று பார்த்தது. கப்பல்காரர் இரவல் கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு திட்டுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை ஒரு வார்த்தை திட்டினதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை யார் திட்டுவார்கள்?

மேட்டு உச்சிக்கு அவர்கள் போகவே இல்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக அவர் இறங்கி வந்தார். கப்பல் ஏணிக்கு அருகில் மேற்பார்வையாளர் நின்றிருந்தாள். அவர் ஊசியம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, மேற்பார்வையாளரிடம் போய் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். மேற்பார்வையாளரின் முகம் வாடியது. அவள் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் ஊசியம்மாவையே பார்த்துவிட்டு, குனிந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஊசியம்மாவுக்கு எதுவும் காதில் சரியாக விழவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"இனிமே வரலன்னு சொன்னேன்."

"முட்டியப் பத்திச் சொன்னீங்களா?"

"இல்ல. ஏன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டி வரச் சொல்லிட்டான்னு சொன்னேன்."

ஊசியம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவர் ஏணியில் முதல் படி வைத்தார்.

"கம்பியப் பிடிச்சு ஏறுங்க!" என்று பின்னாலிருந்து அதட்டினாள்.